இரண்டாம் நாள் விருந்துக்கு உடுத்த வேண்டியது

ஜனவரி 6

அன்பு மகனுக்கு,

நான் கப்பல் பயணத்துக்கு வர மறுத்துவிட்டேன் என்றும், தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம் என்றும் உன் அத்தை தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் தவறு. நான் மறுக்கவில்லை. பயமும் இல்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்த வேண்டும்? இதற்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை. "எதையாவது கட்டிக்கிட்டுப் போங்க அண்ணி, உங்களை யாரு பாக்கப் போறா?" என்கிறாள் உன் அத்தை. அவளிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஊழியர்களின் பெற்றோருக்கான டிக்கெட் என்று நீ அனுப்பியதோடு ஒரு தாளும் வந்திருக்கிறது. ஐந்து நாள் பயணம். முதல் நாள் இரவு சாதாரண உடையாம். இரண்டாம் நாள் 'முறையான விருந்து உடை'. ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டும் வில் டையும் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பெண்களுக்குத் தரையைத் தொடும் கவுன். எழுபத்து மூன்று வயதில் நான் கவுன் போடுவதாக இல்லை. என்னிடம் இரண்டு புடவைகள்தான் தேறும். ஒன்று, அப்பா ஓய்வுபெற்ற அன்று கட்டிய நீலப் பட்டு. கனம் அதிகம். இன்னொன்று சாம்பல் நிறம். அதைக் கட்டினால் நோயாளியைப் பார்க்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

கத்தி, முட்கரண்டி பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கான்வென்ட் விடுதியில் பத்து வருடம் சிஸ்டர்கள் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், முழங்கை மேஜையில் படக் கூடாது, பரிமாறுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இன்றும் மறக்கவில்லை.

நீ அங்கே அதிகாரி. 'இவர்தான் அவருடைய அம்மா' என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவும் கேட்கிறேன். தொலைபேசியில் சொல்லாதே. பாதி காதில் விழுவதில்லை, மீதி உன் கப்பல் கரையை விட்டதும் அறுந்துபோகிறது. எழுது.

ஆசிகளுடன்,
உன் அம்மா

ஜனவரி 24

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இந்தத் துறைமுகத்தில் கிடைத்தது. அத்தையைத் திட்டி நீங்கள் எழுதியதைப் படித்ததும் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

உடை விஷயம் முதலில். நீலப் பட்டு. சந்தேகமே வேண்டாம். கூடத்தில் குளிர் அதிகம், அதனால் முழங்கை வரை ரவிக்கை, மேலே உங்கள் வெள்ளைச் சால்வை. முந்தானையை மடித்துத் தோளில் ஊசி குத்திக்கொள்ளுங்கள். தொங்கவிட்டால் சூப்பில் விழும். போன மாதம் ஒரு அம்மாவின் முந்தானையைச் சூப்பிலிருந்து நான்தான் எடுத்துப் பிழிந்தேன். செருப்பு தட்டையாக, பின்னால் வார் வைத்ததாக இருக்கட்டும். கப்பல் ஆடும்போது தரை காலை வாரிவிடும்.

முந்தானையை நீ ஏன் பிழிந்தாய் என்று கேட்பீர்கள்.

அம்மா, நான் அதிகாரி இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறேன். பதினோரு வருடமாக. ஐந்து மேஜைகள், இருபத்தெட்டு நாற்காலிகள் என் பொறுப்பு. முதல் வருடம் நான் அனுப்பிய படத்தில் இருந்த வெள்ளைக் கோட்டு பரிமாறுகிறவர்களின் உடை. அதைப் பார்த்துவிட்டு, "ஆபீசர் மாதிரி இருக்கிறாய்" என்று எழுதினீர்கள். அடுத்த கடிதத்தில் ஆபீசராகவே ஆக்கிவிட்டீர்கள். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நான் திருத்தவில்லை. அப்புறம் திருத்த வாய் வரவில்லை.

ஊழியர்கள் விருந்தினரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. ஆனால் எங்கள் மேலாளரிடம் கெஞ்சி உங்களை என் மேஜையில் போடச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் எனக்கு ஊட்டிவிட்ட கைக்கு நான் ஒரு தட்டாவது வைக்க வேண்டும். அதற்காகத்தான் டிக்கெட் வாங்கினேன். இதைப் படித்த பிறகு வர வேண்டாம் என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டேன்.

உங்கள் மகன்

பிப்ரவரி 12

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன்.

பதினோரு வருடம் பேசாமல் இருந்தது தவறு. அதைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். நீ எங்கேயும் அதிகாரி என்று எழுதவில்லை. எழுதியதெல்லாம் நான். ஆகவே திட்டுவதற்கு எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வருகிறேன். நீலப் பட்டைப் பிரித்து நிழலில் காயவைத்திருக்கிறேன். ஊசி வாங்கியாயிற்று. வார் வைத்த செருப்பு வாங்கப் போனால், கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் பிள்ளைங்க சைஸ்லதான் இருக்கும்மா" என்றார். அதையே வாங்கினேன்.

ஒன்று மட்டும் சொல். மற்றவர்கள் இருக்கும்போது மேஜையில் நான் உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்? முறை என்ன?

உன் அம்மா

மார்ச் 1

அம்மா,

அஞ்சலட்டையில் இடம் இல்லை, அதனால் சுருக்கமாக. முறை ஒன்றும் கிடையாது. எல்லாரும் என் சட்டையில் இருக்கும் பெயரைப் படித்துத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் எப்போதும் போல "டேய்" என்று கூப்பிடுங்கள். சமையலறைப் பையன்கள் கேட்கட்டும். அவர்களிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

மகன்

மார்ச் 29

அன்பு மகனுக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. வாசல் குழாயை யாரோ சரியாக மூடாமல் போயிருந்தார்கள், தோட்டமெல்லாம் சேறு.

மூன்றாம் நாளிலிருந்து என் மேஜைக்கு வேறொருவர் வந்தார். நீ எங்கே என்று கேட்டேன். "மேஜையை மாத்திக்கிட்டார் மேடம்" என்றார். கரை இறங்கும்போது என் பெட்டியைத் தூக்கி வந்தவரும் அவர்தான். படிக்கட்டில் கால் மணி நேரம் நின்றேன். நீ வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் அப்படி உன்னை வளர்க்கவில்லை.

இரண்டாம் நாள் விருந்துதான் காரணம் என்றால், நான் செய்ததில் பிழை என்ன? பரிமாறுகிறவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை என்பது நான் படித்த முறை. முதல் நாள் இரவு மேஜையில் நான் தனியாக இருந்தேன், உன்னோடு பேசினேன். மறுநாள் அந்த டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இத்தனை வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சுகமாக வந்து சேர்ந்தது சந்தோஷம். நான் பெரிதுபடுத்தவில்லை. கேட்டதால் எழுதுகிறேன்.

அன்று நீங்கள் கூடத்துக்குள் நடந்து வந்தபோது நான் ரொட்டிக் கூடையோடு நின்றிருந்தேன். நீலப் பட்டு, வெள்ளைச் சால்வை, தோளில் ஊசி. எழுதியபடி எல்லாம் இருந்தது. சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பையன்கள் முறைவைத்துப் பார்த்தார்கள். "டேய், உங்கம்மா ராணி மாதிரி இருக்காங்கடா. உனக்கு எங்கிருந்துடா இந்த மூஞ்சி?" என்றான் ஒருவன். எனக்குக் கால் தரையில் இல்லை.

விருந்து நாளில் நாங்களும் கறுப்புக் கோட்டும் வில் டையும்தான் போடுவோம். அதனால் பக்கத்து மேஜைப் பெரியவர் உங்கள் டாக்டரைப் பார்த்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் ரொட்டி கொண்டா" என்று கேட்டுவிட்டார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பார்த்தா சர்வர் மாதிரியா தெரியுது?" என்றார். மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதில் தப்பில்லை, எனக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம் அந்த அம்மா உங்களிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். நான் சூப்போடு உங்கள் இடது தோளுக்குப் பின்னால் நின்றேன். "ஒரே மகன். கப்பல்ல ஆபீசர்" என்றீர்கள். "இந்தக் கப்பலா?" என்றார். "இல்லை, வேற" என்றீர்கள்.

நான் சூப்பை வைத்தேன். பிறகு வந்து, "மீனா, கோழியாம்மா?" என்று கேட்டேன். நீங்கள் தலையைத் தூக்காமல் மெனு அட்டையில் மீன் இருந்த இடத்தை விரலால் காட்டினீர்கள். "தேங்க் யூ" என்றீர்கள்.

நான் உள்ளே போனபோது பையன்கள் கண்ணாடியை விட்டு விலகித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கேலி செய்திருந்தால் தேவலை.

இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தூரப் பாதை. கடிதம் வர நாளாகும். எதிர்பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

மகன்

ஆகஸ்ட் 9

அன்பு மகனுக்கு,

மே மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. அதில் நான் எழுதியது என் ரத்த அழுத்தம், மாடியில் ஒழுகுவது, அத்தை மகளுக்கு வேலை கிடைத்தது. நீ எழுதிய எதற்கும் அதில் பதில் இல்லை. அப்படிப்பட்ட கடிதத்துக்கு நானும் பதில் போட்டிருக்க மாட்டேன்.

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதினேன். அது பொய். அந்த டாக்டர் கேட்டாரே, "சர்வர் மாதிரியா தெரியுது" என்று, அதற்கு எல்லாரும் சிரித்தார்களே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்தபடி என்னிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள் என்று. பதிலை யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. நன்றாக உடுத்திக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரையும் போல நானும் ஒருத்தி என்று இருந்தேன். அதை இழக்க மனம் வரவில்லை. நான் வெட்கப்பட்டேன். தட்டு சுமக்கிற மகனைப் பெற்றேன் என்று வெட்கப்பட்டேன். இதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன். சிஸ்டர்கள் சொன்ன முறையை இழுத்ததும் தவறு. அவர்கள் மகனைத் தெரியாத மாதிரி இருக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன வாரம் உன் அத்தையை உட்காரவைத்து, "அவன் ஆபீசர் இல்லை, சாப்பாடு பரிமாறுகிறான்" என்றேன். சொல்லி முடிக்க எனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "தெரியும் அண்ணி" என்றாள். "எப்போதிருந்து?" என்றேன். "அண்ணன் இருக்கும்போதே. அண்ணனுக்கும் தெரியும். படத்துல இருக்கிற கோட்டுப் பித்தானைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டார். 'அவளுக்குச் சந்தோஷமா இருக்கு, விடு'ன்னார்" என்றாள். அவர் சந்தோஷப்படுகிறார் என்று நான் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகத்தான் அந்தப் படத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். நான் இத்தனை வருடம் 'ஆபீசர்' என்று சொன்னபோதெல்லாம் இந்தத் தெருவே எனக்காகத் தலையாட்டியிருக்கிறது. என் கௌரவத்தை நான் காப்பாற்றியதாக நினைத்தேன். காப்பாற்றியது நீங்களெல்லாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இது உனக்குத் தெரியாது, நான் சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டில் டாக்டரின் மனைவி என் பக்கம் சாய்ந்து, "நேத்து நமக்குப் பரிமாறின தம்பிக்கு உங்க நெத்திங்க. அச்சு அசல்" என்றார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. கண்ணில் அன்புதான் இருந்தது. நான் சொல்வதற்காக ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. மேஜையில் வேறு யாரும் இல்லை. விருந்து உடை இல்லை, நான் வெறும் நூல் புடவையில் இருந்தேன். சிரிக்கவும் யாரும் இல்லை. அப்போதும் நான், "அப்படியா? நான் கவனிக்கலையே" என்றேன்.

முதல் தடவைக்குக் கூட்டம் என்று ஒரு சாக்கு இருந்தது. இரண்டாவது தடவைக்கு ஒன்றும் இல்லை. இதை மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்பாகத்தான் இருக்கும். அதனால் எழுதிவிட்டேன். இதைப் படித்த பிறகு உன் கோபம் கூடலாம். கூடட்டும்.

நீ பரிமாறியதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. எந்தக் கையால் தட்டை வைத்தாய், எப்படி நடந்தாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. மீன் நன்றாக இருந்ததா என்றுகூடத் தெரியாது. ஐந்து நாள் வந்துவிட்டு எதையும் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன்.

நீ வர வேண்டும் என்று கேட்கவில்லை. என்னை மீண்டும் அழைக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. கடைசியாக வந்த உன் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். உன் கைக்கு வந்ததா, படித்தாயா என்பது எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசி வேண்டாம். நாலு வரி போதும். தயவுசெய்து பதில் எழுது.

உன் அம்மா