கிளறன்ஸின் பெயரில் எழுதிய பாடங்கள்

கொட்டாஞ்சேனை,
02.09.2007

என் அன்பு மகன் கிளறன்ஸுக்கு,

மாதாவின் காவல் எப்போதும் உன்னோடு இருப்பதாக. நான் சுகமாக இருக்கிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று போன புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. உன்னைப் பிடித்து எழுபது நாளுக்குப் பிறகு. செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து ஒரு பிள்ளை வீடு தேடி வந்து, “அன்ரி, மகன் காலிப் பக்கத்து முகாமில இருக்கிறார். நாங்கள் நேரில கண்டனாங்கள்” என்று சொன்னது. நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை என்பது அது போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடிதம் எழுதலாமாம். தமிழ் தெரிந்த ஒருவர் பிரித்து வாசித்த பிறகுதான் உன் கைக்கு வருமாம். அதனால் எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

உன்னைத் தேடி நான் ஏறி இறங்காத பொலிஸ் இல்லை. எங்கே போனாலும் “மெஹே நே அம்மே”, இங்கே இல்லை என்ற ஒரே பதில்தான். இப்போது வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். வத்தளை தையல் பக்ரரியில் அதே நூல் வெட்டும் மேசைதான். வீட்டுப் படியில் மற்றக் குடித்தனக்காரர் என்னைக் கண்டால் கதவை மெல்லச் சாத்துகிறார்கள். அவர்களில் பிழையில்லை, பயம். போன ஞாயிறு பூசையில் மன்றாட்டுக்குப் பதில் சொன்னபோது என் குரல் அடைத்துக்கொண்டு வந்தது. சளி, தடிமனாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் யோசித்துப் பார்த்தேன், வெள்ளி பின்னேரம் வேலை விட்டு வந்ததிலிருந்து நான் யாரோடும் ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை.

உன் படிப்பைப் பற்றி நீ கவலைப்படாதே. முதல்முறை ரவுண்ட்அப் சுற்றிவளைப்பில் உன்னைக் கொண்டுபோய் விசாரித்துவிட்டு விட்ட பிறகு, ரியூஷனுக்கு அனுப்ப எனக்குத் துணிவு இல்லாமல்தானே கொன்ஸ்ரன்ஸ் சித்தி ரொறன்ரோவில் இருந்து அந்த ஒன்லைன் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்தாள். செக் பொயின்ற் தாண்டத் தேவையில்லை, மூன்றாவது ஒழுங்கையில் உள்ள கொமியூனிகேஷன் கடைக் கொம்பியூட்டரில் இருந்தே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சந்தோஷப்பட்டோம். நீ போன அடுத்த மாதம் சித்தி போன் எடுத்தாள். முப்பது நாளுக்கு ஒரு பாடமும் அனுப்பாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களாம், பிறகு முதலில் இருந்து தொடங்க வேண்டுமாம். உன் கொப்பியின் பின்மட்டையில் பாஸ்வேர்ட் எழுதியிருந்தாய். அதை எடுத்துக்கொண்டு கடைக்கார ஷபீகாவிடம் போனேன். அவள் திறந்து தந்தாள். ஒரு பாடத்தை நானே எழுதி அனுப்பினேன். கணக்கு எனக்கு ஏலாது. இங்கிலிஷ்தான். ஒன்பதாம் வகுப்பு வரை கொன்வென்றில் படித்தது ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நூற்றுக்கு நாற்பத்தொன்று தந்திருக்கிறார்கள். உன் பெயருக்கு அது குறைவுதான், மன்னித்துக்கொள். ஆனால் பெயர் நிற்கிறது.

அங்கே தருவதைச் சாப்பிடு. இரவில் நெஞ்சை மூடிப் படு.

உன் அம்மா,
ஐறீன்


கொட்டாஞ்சேனை,
20.01.2008

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நத்தாருக்கு முந்திய கிழமை உன்னைப் பார்த்து வந்த பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். விடிய ரயில் ஏறி வந்து, வரிசையில் நின்று, கம்பி வலைக்கு அங்கால் உன்னைக் கண்டது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் வேறு ஏதாவது கதைத்திருக்கலாம். உன் கழுத்தில் இருந்த காயத்தைக் கேட்டிருக்கலாம். பாடம் எல்லாம் ஒழுங்காகப் போகிறது, ஐந்து பாடம் அனுப்பிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. “என்ர பேரில எழுதாதேங்கோ அம்மா. என்னட்ட மிச்சம் இருக்கிறது அந்தப் பேர் ஒண்டுதான்” என்றாய். பிறகு மணி அடித்துவிட்டார்கள்.

ஏன் எழுதினேன் என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. நாளைக்குப் போகிறேன் என்று நீ சொன்னாய். இன்றைக்குக் கடைசி நாள், சோம்பல்படாமல் போய் அனுப்பிவிட்டு வா என்று குடையைத் தந்து அனுப்பியவள் நான். கடையில் இருந்து திரும்பி வரும் வழியில்தான் உன்னை ஏற்றினார்கள். நான் அனுப்பிய படிப்பு நின்றுபோனால், நான் உன்னை எதற்கு அனுப்பினேன்?

நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று இப்போதுதான் விளங்குகிறது. சித்தி ஒழுங்குசெய்த சட்டத்தரணி சவுந்தரநாயகம் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். போன வருஷம் தை தொடங்கிச் சித்திரை வரை நீ கொழும்பில் இல்லை, வன்னியில் இயக்கத்தோடு இருந்தாய் என்பதுதான் உன் மேல் எழுதியிருப்பதாம். நான் உடனே, இல்லை ஐயா, கிழமைக்குக் கிழமை இங்கே இருந்து பாடம் அனுப்பினவன், பள்ளிக்கூடத்தில் திகதியோடு இருக்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதை எடுத்தால் போதும் என்றார். சித்தி எடுத்து அனுப்பினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஆனி மாதத்தைத் தாண்டியதும் நிறுத்தினார்.

“தங்கச்சி, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்? பெடியன் உள்ளுக்க இருக்கிற நாளிலயும் அவன்ர பேரில பாடம் போயிருக்கு. அப்ப அந்த நாலு மாசமும் வேற ஆரோதான் அனுப்பினது எண்டு அவங்கள் சொன்னா, நான் என்ன மறுமொழி சொல்லுறது?” என்றார்.

கிளறன்ஸ், உன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே தாளை நானே என் கையால் கெடுத்துவிட்டேன்.

வழி ஒன்றுதான் என்றார் ஐயா. உண்மையைப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் எது உன்னுடையது, எது என்னுடையது என்று பிரித்துக் கடிதம் தந்தால் சரி. ஏமாற்று என்று உன்னை அடியோடு விலக்கினால் அந்தத் தாளும் இல்லை, படிப்பும் இல்லை. உன்னைக் கேட்காமல் இதையும் செய்ய வேண்டியதாயிற்று.

உன் இங்கிலிஷ் ஆசிரியை மிஸஸ் ஹாரிஸுக்கு எழுதினேன். அந்த மனுசியை நான் கண்டதில்லை. ஆனால் கார்த்திகையில் அவ பாடத்துக்குக் கீழே, “கிளறன்ஸ், நீ முன்பு போல் எழுதுவதில்லை. வீட்டில் எல்லாம் நலமா?” என்று கேட்டிருந்தா. இத்தனை மாதத்தில் என் வீட்டைப் பற்றி விசாரித்த ஆள் அவ ஒருத்திதான், அதுவும் உன் பெயரைச் சொல்லி. அன்றைக்குக் கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அழுதேன். நலம் என்று பதில் போட்டேன்.

இப்போது உள்ளதை உள்ளபடி எழுத நாலு நாள் பிடித்தது. ஷபீகா எழுத்துப் பிழை பார்த்தாள். “அன்ட்டி, இத அனுப்பினா திருப்பி எடுக்க ஏலா. யோசிச்சிட்டா அமத்தப் போறீங்க?” என்று கேட்டாள். யோசித்துவிட்டேன் என்றேன். அனுப்பிப் பன்னிரண்டு நாளாகிறது. பதில் இல்லை.

இந்தக் கடிதத்தை இடையில் வாசிக்கும் ஐயாவும் வாசிக்கட்டும். மறைக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை. நீ மட்டும் ஒரு வரி எழுது. ஏசியாவது எழுது.

அம்மா


கொட்டாஞ்சேனை,
09.07.2008

என் தங்க மகனே,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. சவுந்தரநாயகம் ஐயா தன் கையால் உன்னிடம் தருவார். இடையில் யாரும் பிரிக்க மாட்டார்கள். வாசித்து முடித்ததும் அவரிடமே திருப்பிக் கொடு.

வருகிற செவ்வாய்க்கிழமை உன்னைக் கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். உன் மேல் வழக்குப் போடுவதற்கு ஒன்றும் இல்லை என்று மேலே இருந்து எழுதி வந்துவிட்டதாம். அன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்று ஐயா உறுதியாகச் சொல்கிறார்.

இது எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். மிஸஸ் ஹாரிஸின் பதில் மாசியில்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் கூடி இருந்து கதைத்தார்களாம். ஆனி பத்தொன்பது வரை வந்தது எல்லாம் உன்னுடையது, கடைசிப் பாடம் அன்று எங்கள் நேரம் பின்னேரம் மூன்று நாற்பதுக்கு வந்தது, அதற்குப் பிறகு வந்தவை தாய் எழுதியவை, அவற்றை எடுத்துவிட்டோம் என்று முத்திரை குத்திக் கடிதம் தந்தார்கள். உன் இடத்தையும் வெட்டவில்லை. நீ விட்ட பாடத்தில் இருந்தே தொடரலாம்.

அது மட்டும் போதாது, பாடம் கொட்டாஞ்சேனையில் இருந்துதான் போனது என்று சொல்ல ஆள் வேண்டும் என்றார் ஐயா. கடைக்கு வருபவர்களின் அடையாள அட்டை இலக்கத்தை ஷபீகா ஒரு கொப்பியில் பதிந்து கையெழுத்தும் வாங்குவாள் அல்லவா? தை முதல் சித்திரை வரை பதினேழு கிழமையும் உன் கையெழுத்து அதில் இருந்தது. அவளுடைய அண்ணன் மக்கீன் நானா, இந்த விஷயத்தில் தலை போட வேண்டாம், நாளைக்குக் கடையை மூட வைப்பார்கள் என்று சத்தம் போட்டார். அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைப் படியில் நின்றேன். அவளாகவே கொப்பியைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். “நான் கண்டதத்தானே செல்லப் போறன், அன்ட்டி. காணாத ஒன்டயும் செல்லல்லயே” என்றாள். ஐயாவிடம் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாள். நீ எங்கே இருந்தாலும் உன் ஜெபத்தில் அவள் பெயரைச் சேர்.

இனிச் சொல்லப்போவதை அமைதியாகக் கேள்.

விட்ட பிறகு நீ வீட்டுக்கு வர வேண்டாம்.

உனக்கு முதல் விடுபட்ட இரண்டு பெடியன்களை வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் வேறு யாரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் ஜிந்துப்பிட்டி ராமையாவின் மகன். இன்னும் தகவல் இல்லை. அதனால் கோட்டு வாசலில் ஐயாவின் கார் நிற்கும். நேரே கட்டுநாயக்கா எயார்போட். உன் பாஸ்போர்ட், திருச்சிக்கு ரிக்கற், விசா எல்லாம் அவரிடம் இருக்கிறது. அங்கே சித்தியின் மச்சாள் நாகேஸ்வரி வந்து உன்னைக் கூட்டிப் போவா. இரண்டு சேர்ட், உன் கொப்பிகள், அப்பாவின் கைக்கடிகாரம் ஒரு பையில் வைத்திருக்கிறேன். பலகாரம் ஒன்றும் வைக்கவில்லை. வழியில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

நானும் கோட்டுக்கு வருவேன் என்று ஐயாவோடு சண்டை பிடித்தேன். “நீர் லீவு போட்டாலே வீட்டில எல்லாருக்கும் விளங்கீடும்” என்றார். சரியான கதைதான். ஆகவே நான் அன்றைக்கும் வழமை போல வேலைக்குப் போவேன். கார் நீர்கொழும்பு வீதியால்தான் போகும், வத்தளையைத் தாண்டி. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை முதல் ஒன்று வரை. பக்ரரிக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பில் நான் நிற்பேன். மண்ணிறச் சேலை. கார் எத்தனை மணிக்குத் தாண்டும் என்று யாருக்கும் தெரியாது. முந்தியும் போகலாம், பிந்தியும் போகலாம். நீ கண்டால் காரை நிற்பாட்டச் சொல்லாதே. கையும் காட்டாதே. நானும் காட்ட மாட்டேன். பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு மனுசி என்று மற்றவர்கள் நினைக்கட்டும்.

திருச்சியில் முதல் கிழமையே படிப்பைத் தொடங்கு. எங்கே இருந்தாலும் படிக்கலாம் என்பதுதானே அந்தப் பள்ளிக்கூடத்தின் நன்மை. பாஸ்வேர்டை மாற்றிவிடு, எனக்குச் சொல்லாதே. நானும் பங்குனியில் என் சொந்தப் பெயரில் சேர்ந்திருக்கிறேன். மிஸஸ் ஹாரிஸ்தான், அந்த நாற்பத்தொன்று உங்கள் புள்ளி, விருப்பமென்றால் பத்தாம் வகுப்பில் இருந்து தொடங்குங்கள் என்று எழுதினா. வேலை விட்டு வந்து வெறும் வீட்டுக்குள் போகாமல் ஒரு மணித்தியாலம் ஷபீகாவின் கடையில் இருக்கிறேன். போன பாடத்துக்கு ஐம்பத்தாறு.

நீ என்னோடு கோபமா என்று இந்த ஆறு மாதமும் யோசித்தேன். இப்போது அதைக் கேட்கவில்லை. கோபம் என்றால் அதையும் கொண்டு போ. அங்கே பத்திரமாக இருந்து, ஆறுதலாக என்னோடு கோபித்துக்கொள்.

எழுத வேண்டாம் என்றும் ஐயா சொல்லியிருக்கிறார். கொஞ்சக் காலம். அது எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மழையில் நனையாதே. வேளைக்குச் சாப்பிடு, ராசா. போய் வா என்று எழுத வேண்டும். போ என்று மட்டும் எழுதுகிறேன்.

உன்னைப் பெற்ற
அம்மா