ஏழு அங்குல மூச்சு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உறையில் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் கொஞ்சம் பதறியிருப்பாய். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்? போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அடுத்த மூலையில் இருக்கும் உன் அம்மாவுக்குக் கேட்டுவிடும். நீயும் மாதத்தில் முதல் ஞாயிறு கூப்பிட்டு, இரண்டு நிமிடத்தில் "சரிப்பா, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வேண்டியது இரண்டு நிமிடத்தில் அடங்காது. உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. லிஃப்ட் கெட்டுப்போய் மூன்று வாரம் ஆகிறது. மூன்று மாடி ஏறி இறங்குவதில் என் முழங்கால்கள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டன. உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம் என்று பொய் சொல்ல மாட்டேன். அங்கே இப்போது இஸ்திரி மேசையும் ஓடாத மின்விசிறியும் நிற்கின்றன. கட்டில் மட்டும் இருக்கிறது. மழை பெய்தால் வாசல் கதவு உப்பிக்கொள்கிறது. தோளைக் கொடுத்து இடித்தால்தான் திறக்கும்.

இனி சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு நான்கு மாதமாகக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. தூசி என்றாள், சளி என்றாள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். போன வாரம் தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். துண்டு எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார். கட்டி. கெட்ட கட்டி. வரும் இருபத்து மூன்றாம் தேதி வியாழக்கிழமை குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். மூச்சுக்காகக் கழுத்தில் ஒரு துளை போடுவார்களாம். பிழைத்துக்கொள்வாள் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்கிறார். மூச்சு இருக்கும். குரல் இருக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டீயைச் சூடாகக் குடிக்கலாமா என்று கேட்டாள். வெளியே வந்ததும் உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பரிதாபப்பட்டு யாரும் வர வேண்டாமாம். சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை.

நீ பாடிய அந்தப் பாட்டை நாங்கள் கேட்டோம்.

எதிர் வீட்டுத் தையல்காரம்மா போனில்தான் முதலில் கேட்டது. அவர் மிஷினை மிதித்துக்கொண்டே அதைப் பத்து நாளாக ஓட விட்டிருக்கிறார். அம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தாள். அந்தம்மா வாயில் ஊசியை வைத்துக்கொண்டே, "இது ஏதோ பழைய பாட்டாம்க்கா, இந்தப் பொண்ணு திருப்பிப் பாடியிருக்கு. பழசையும் போட்டுக் கேட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல" என்றிருக்கிறார். பழசைப் பாடியவளுடைய தோளைத்தான் அப்போது அளந்துகொண்டிருந்தார், பாவம். இந்தக் கட்டிடத்தில் யாருக்குமே தெரியாது. அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டு, கையைக் கொஞ்சம் தளர்வாக வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

வந்து என் போனில் போடச் சொன்னாள். சமையலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஏழு முறை கேட்டாள். நீ ஒற்றை கிட்டாரை வைத்துக்கொண்டு உன் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் பாடுகிறாய், பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. நாற்பது பேர் வாசித்த பாட்டு அது. நீ ஒருத்தியாக அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய். நான் முப்பத்தைந்து வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் காது தேய வேலை பார்த்தவன். மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. உன்னுடையதுதான் பாட்டு, அசல் அதன் நிழல்.

ஏழாவது முறை முடிந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு நான் பாடினது இதுதாங்க" என்றாள்.

இதற்கு மேல் எழுதக் கை வராமல் நேற்று மூடி வைத்துவிட்டேன். இன்று அம்மா இரத்தப் பரிசோதனைக்காக ஆய்வகத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து தொடர்கிறேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் என் பட்டப்பெயர் பிளேடு என்பது உனக்குத் தெரியும். நான் பேசியே அறுப்பதால் வைத்த பெயர் என்று சின்ன வயதில் சொல்லிச் சிரிப்பாய். அது நிஜமான பிளேடு. அந்தக் காலத்தில் குரல் மட்டும் தனி ஒலிநாடாவில் இருக்கும். நாடா நொடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடும். பாடுபவர் இழுக்கும் ஒரு மூச்சு ஏழு, எட்டு அங்குலம் வரும். மூச்சுச் சத்தம் வேண்டாம் என்றால் அந்த இடத்தைச் சவர பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு வெற்று நாடாவை ஒட்டுவோம். ஒரு அங்குலம் குறைந்தால்கூடத் தாளம் தப்பிவிடும். ஒட்டு தெரியாமல் ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் இருந்தது.

உன் அண்ணன் நாற்பத்தோரு நாள் இருந்தான். அவன் போன ஒன்பதாம் நாள் அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு. தேதி முன்பே முடிவானது, தள்ளிப்போடச் சொல்லியிருக்கலாம். தொட்டிலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பதைவிட அங்கே போவது மேல் என்று அம்மாதான் கிளம்பினாள். வராத ஒருவரிடம் ஒருத்தி 'தாழ் போடவில்லை, தள்ளினால் திறக்கும்' என்று சொல்கிற பாட்டு. அந்த வரி மூன்று தடவை வரும். முதல் தடவை அவள் சுத்தமாகப் பாடினாள். இரண்டாம் தடவை 'தள்ளினால்' என்ற இடத்தில் மூச்சு உடைந்து, பாதி வார்த்தையில் இழுத்து வாங்கிக்கொண்டு முடித்தாள். மூன்றாம் தடவை குரலே இல்லை, காற்றுதான் வந்தது. இசையமைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும், கை வைக்காதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கை வைத்தேன்.

மறுநாள் தனியாக உட்கார்ந்து அந்த நாடாவை ஓட விட்டேன். என்னால் கேட்க முடியவில்லை, மகளே. எனக்கும் அவன் பிள்ளைதான். முதல் தடவை பாடிய வரியைப் பிரதி எடுத்து இரண்டாவது இடத்திலும் மூன்றாவது இடத்திலும் ஒட்டினேன். மிச்சப் பாட்டில் பதினொரு மூச்சுகளை வெட்டி எடுத்தேன். கீழே விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டேன். வேறு பிரதி கிடையாது. இசையமைப்பாளரிடம், நாடாவில் இரைச்சல் ஏறிவிட்டது, வேறு வழியில்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். அசலில் அந்த வரி மூன்று தடவையும் அச்சுப் போட்டதுபோல் இருக்கிறதே, கவனித்திருக்கிறாயா? மூன்றும் ஒரே தடவை பாடியதுதான்.

முடித்த பாட்டைப் போட்டுக் காட்டியபோது அம்மா கடைசி வரை கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அழுகை எனக்கு வேண்டாம் என்று புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. அன்றிலிருந்து வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டாள். நாடாவில் நான் செய்ததை அவள் தனக்குத்தானே செய்துகொண்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பிஸ்கட் டப்பாவில் உன் அண்ணன் இறந்ததற்கான ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாய். தேதியையும் இசைத்தட்டு உறையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அம்மா முன்னால் வந்து நின்றாய். "புள்ள செத்த ஒம்பதாம் நாள் இப்படி இழைச்சு வெச்ச மாதிரி பாட ஒரு அம்மாவால முடியுமா?" என்று கேட்டாய். அம்மா உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழாயை மூடப் போய்விட்டாள். நான் செய்தித்தாளில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஞாபகம் இருக்கிறது, வாகன விளம்பரம். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் நீ அந்த மாதம் பெட்டியைக் கட்டியிருக்க மாட்டாய்.

உன் பேட்டியையும் பார்த்தோம். "அசல்ல ஒரு மூச்சுகூடக் கேக்காது, பாடினது மனுஷிதானான்னு எனக்குச் சந்தேகம்" என்று நீ சொல்ல, எதிரில் இருந்தவர் சிரித்தார். அது உன் அம்மா என்று நீ சொல்லவில்லை. அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவ சொன்னது சரிதானே என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே ஒன்று கேட்டாள். "அவளும் அதே எடத்துலதான் மூச்சு வாங்குறா. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" அந்த மெட்டு அந்த இடத்தில் மூச்சுக்கு வழி விடாது, யார் மனசாரப் பாடினாலும் அங்கேதான் முறியும் என்று தொழில்காரனாகச் சொல்லலாம். நான் போய் அவளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். குரல் போவதற்கு முன்னால் அதை ஒரு தடவை பாடிவிடு என்று அம்மாவைக் கேட்டேன். கைக்கு அடக்கமான ஒரு பதிவுக் கருவிகூட என்னிடம் இருக்கிறது. அவள் முடியாது என்றாள். "உங்களுக்குப் பாட மாட்டேன். நீங்க சுத்தம் பண்ணிடுவீங்க" என்றாள். முப்பத்து நான்கு வருடத்தில் நான் வெட்டியதைப்பற்றி அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. சண்டைக்குச் சொன்னதாகவே இல்லை, உப்பு அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு, "அவ கேட்டா பாடுவேன். அவ கேக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதனால் நீ கேட்க வேண்டும். வர முடிந்தால் வா. லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது என்றால் போனிலாவது கேள். இந்தக் கடிதம் உன் கைக்கு நான்கு நாளில் வந்துவிடும் என்று கூரியர் கடைப் பெண் சொல்கிறாள். செவ்வாயோ புதனோ சாயங்காலம் நான்கு மணிக்கு, என் எண்ணுக்கு வேண்டாம், அவள் எண்ணுக்குக் கூப்பிடு. நோயைப்பற்றிப் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. அதற்கெல்லாம் அவள் நழுவிவிடுவாள். "அந்தப் பாட்டை அன்னிக்கு நீ எப்படிம்மா பாடினே, பாடிக் காட்டு" என்று கேள். அவ்வளவு போதும்.

அவள் குரல் நீ அறிந்த குரலாக இருக்காது. உப்புத்தாளில் தேய்த்ததுபோல் இருக்கிறது. பாதியில் இருமுவாள். நடுவில் நின்றுபோய் ஒன்றுமே கேட்காமல் இருக்கலாம். லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. காத்திரு. நீ பதிவு செய்துகொண்டாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. செய்தால் அப்படியே வைத்திரு. என்னிடம் கொடுக்காதே, நானே கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்காதே.

நான் அந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டேன். மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லி இறங்கிவிடுவேன். கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பேன், அங்கே மூன்றாம் மாடிச் சத்தம் கேட்காது. இருட்டும் வரை ஏற மாட்டேன். நான் கேட்க மாட்டேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடு.

நீ நோயில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். பாடும்போது உன் மூச்சு எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

உன் அப்பா

பின்குறிப்பு: அம்மாவின் எண் மாறவில்லை. ஆறு வருடமாக அதை மாற்ற விடாமல் வைத்திருக்கிறாள்.