அழியாத எண்

ஜூன் 9, திங்கள்
போர்வைக்குள் எழுதுகிறேன். கைபேசியில் எழுதினால் அப்பா பார்த்துவிடுவார். அம்மாவிடமிருந்து என்னை இந்த வீட்டுக்குத் தூக்கி வந்து இருபது நாளாகிறது. பள்ளியின் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார். எந்தக் கிளை, எந்தத் தெரு, எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. “தேடி வந்தா அவ காலு இருக்காது” என்கிறார். சும்மா சொல்கிறவர் இல்லை.

ஜூன் 11, புதன்
எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான பள்ளிச் செயலியை எழுதியது அப்பாதான். இப்போது எல்லாக் கிளைகளுக்கும் பஸ் விடும் கம்பெனியின் கண்காணிப்புச் சேவையையும் அதற்குள்ளேயே இணைத்துவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் அடையாள அட்டையைத் தேய்த்ததுமே அவருக்குச் செய்தி வரும்: ‘உங்கள் பிள்ளை பத்திரமாக இறங்கிவிட்டார்.’ நிறுத்தத்தின் பெயரோடு.

“இனிமே நீ தும்முனாக்கூட எனக்குத் தெரியும்டி.”

அத்தைக்கு ஒரே சிரிப்பு. “அம்மாக்காரி மாதிரி ஓடலாம்னு பாக்காத.”

ஜூன் 12, வியாழன்
செயலியின் பெற்றோர் பட்டியலில் அம்மாவின் எண்ணை என் கண்ணெதிரே அழித்தார். “தலைமுழுகியாச்சு.” நான் அழவில்லை. அழுதால் அடி.

ஜூன் 16, திங்கள்
பஸ் கம்பெனி ஆள் அழைத்தார். அப்பா ஷேவ் செய்துகொண்டே ஸ்பீக்கரில் பேசினார்.

“சார், புதுப் பட்டியல் அனுப்பலையே நீங்க. எங்ககிட்ட போன வருஷத்து எண்கள்தான் இருக்கு. உங்க செயலியில அழிச்சா எங்க பக்கம் அழியாது சார்.”

“எனக்கு மெசேஜ் வருதுய்யா! என் வேலைய எனக்கே சொல்லித் தர்றியா? வை போன.”

போன வருஷம் பஸ் படிவத்தை நிரப்பியது அம்மா. முதல் எண் அம்மாவுடையது.

அப்படியென்றால் தினமும்— அம்மாவுக்கும்—?

“என்னடி முழிக்கிற?” என்றார் அப்பா. வயிற்று வலி என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்
அவருக்கு உறைக்கவில்லை. இன்னும் உறைக்கவில்லை. கடவுளே, உறைக்கக் கூடாது.

ஜூன் 18, புதன்
பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அட்டையைத் தேய்த்துவிட்டு மனதுக்குள் “அம்மா, இங்க” என்றேன். பைத்தியமா நான்? நிறுத்தத்தில் அத்தை மட்டும்தான் நின்றாள். “சீக்கிரம் நடடி, சனியனே.”

ஜூன் 21, சனி
பகலில் எழுதுகிறேன். கதவு திறந்திருக்கிறது. உள்ளே அம்மா யாருடனோ போனில் சண்டை போடுகிறாள்.

நேற்று நிறுத்தத்தில் அம்மா நின்றாள். பக்கத்தில் இரண்டு பெண் போலீஸ், கையில் என்னை அம்மாவிடம் ஒப்படைக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவு. அத்தை கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. “எவ சொன்னா உனக்கு? எவ சொன்னா?”

அம்மா என் பையை வாங்கிக்கொண்டாள்.

இறங்கும்போது மறக்காமல் அட்டையைத் தேய்த்திருந்தேன். பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று அப்பாவுக்கும் செய்தி போயிருக்கும்.