அப்பாவிடம் கேட்டு எழுது

வட கரோலினா
12.11.2000

அன்புள்ள கோகிலாவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் தம்பி திருமூர்த்தியும் நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் பேசி முடித்து உன்னிடம் வருவதற்குள் "பில்லு ஏறுது கண்ணு" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே நூல் மில்லில் என்னோடு ராபர்ட் என்றொரு மெக்கானிக் இருக்கிறான். போன வாரம் மலைக்கு வேட்டைக்குக் கூட்டிப் போனான். காட்டுப்பன்றி வேட்டை. அதையும் கைத்துப்பாக்கியால் சுடுகிறான். ஒரு நேரத்துக்கு ஒரே தோட்டாதான். சுட்டபின் நடுவில் மடக்கித் திறந்து அடுத்ததைப் போட வேண்டும். பார்த்ததிலிருந்து எனக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்றிருக்கிறது. வேட்டை லைசன்ஸ்கூட எடுத்துவிட்டேன். ஆனால் எதை வாங்குவது என்று மண்டை காய்கிறது. குழல் பத்து இஞ்சா, பதினாலு இஞ்சா? பெரிய தோட்டாவா, சின்னதா?

உன் அப்பா அமராவதி நகர் தோட்டத்தில் பன்றி விரட்ட லைசன்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கிறாரே, அதுவும் ஒற்றைக்குழல்தானே. அவரிடம் கேட்டு எழுது. ராபர்ட்டிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன், என் மாமனாரே பெரிய வேட்டைக்காரர் என்று.

உன் விசா பேப்பர் விஷயம் மறக்கவில்லை. கம்பெனியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்
தங்கதுரை


பல்லடம்
2.12.2000

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் அத்தையிடம் கொடுக்க, அத்தை திருமூர்த்தியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்தார். என்னமோ துப்பாக்கி என்று எழுதியிருக்கிறான், குடும்ப விஷயம் ஒன்றுமில்லை என்று அவருக்கு நிம்மதி.

எங்கள் அப்பா வேட்டைக்காரர் என்று யார் உங்களுக்குச் சொன்னது? கடலைக் காட்டில் பன்றி வந்தால் வெடிச்சத்தம் போட்டு விரட்டுவார், அவ்வளவுதான். ஆனாலும் கேட்டுச் சொல்கிறேன். அதற்கு நான் நேரில் போக வேண்டும். அங்கே போன் கிடையாது, பால் சொசைட்டிக்குக் கூப்பிட்டால் ஊரே சுற்றி நின்று கேட்கும்.

கல்யாணத்துக்குப் பின் இரண்டு தீபாவளி முடிந்துவிட்டது. நீங்கள் விமானம் ஏறியபின் ஒரே ஒரு தடவைதான் அப்பாவைப் பார்த்தேன். போகட்டுமா என்று கேட்டால், "கொண்டு போயி உடறதுக்கு ஆளு வேணுமில்ல, திருமூர்த்திக்குத் தறி வேலை கெடக்குது" என்கிறார் அத்தை. இங்கிருந்து இரண்டு பஸ் மாறினால் அப்பா வீடு. தனியாகப் போகலாம் என்றால், துணையில்லாமல் வந்து இறங்குகிறவளை வாழாமல் வந்துவிட்டாள் என்றுதானே நம் பக்கம் சொல்வார்கள். கீழே தறி ஓடுகிறது, மேலே நான் இருக்கிறேன். கேட்டுக்கு வெளியே போன ஞாபகம் என்றால் மாரியம்மன் கோயில்தான்.

அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டார்.

உங்கள்
கோகிலவாணி


வட கரோலினா
26.12.2000

அன்புள்ள கோகிலாவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொங்கல் கழிந்து திருமூர்த்தி காரில் கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் கூட்டி வந்துவிடுவான். இதற்குப் போய் இவ்வளவு பெரிய கடிதமா?

குழல் நீளம் பற்றி மறக்காமல் கேள். கடையில் இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தேன். பத்து இஞ்ச் பிடிக்கச் சுலபம். பதினாலு கனக்கிறது, ஆனால் குறி தப்பாது என்கிறான் ராபர்ட். தோட்டாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கதுரை


பல்லடம்
28.1.2001

அன்புள்ள மாமாவுக்கு,

போய் வந்தேன். உங்களுக்குக் கோடி நன்றி. அப்பா இளைத்திருக்கிறார். அம்மா போனபின் தானே பொங்கித் தின்கிறவர், அன்றைக்கு எனக்காக வெள்ளாட்டுக்கறி எடுத்து வந்து வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வாசலில் கட்டிலைப் போட்டு நன்றாகத் தூங்கினேன். தறிச் சத்தம் இல்லாமல் தூங்கி எத்தனை நாளாயிற்று தெரியுமா?

துப்பாக்கி விஷயம் கேட்டேன். குழல் நீளம் இருக்கட்டும், பன்றி எவ்வளவு தூரத்தில் வரும் என்று முதலில் கேட்டுச் சொல்லச் சொன்னார். அது தெரியாமல் வாங்கினால் காசு வீண் என்றார். ஆகவே அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். நீங்கள் விவரம் எழுதினால் மறுபடி போய்க் கேட்டு வருகிறேன்.

விசா பேப்பர் என்னவாயிற்று? பாஸ்போர்ட் வந்து அலமாரியில் இருக்கிறது, அத்தையின் அலமாரியில்.

உங்கள்
கோகிலவாணி


வட கரோலினா
20.2.2001

அன்புள்ள கோகிலாவுக்கு,

உன் அப்பா சரியான ஆள். ராபர்ட்டிடம் சொன்னேன், அவனும் தலையாட்டினான். பன்றி ஐம்பது கஜத்தில் வரும், சில சமயம் நூறு. புதரும் சரிவுமான இடம். இன்னொன்று, ஒரே தோட்டா என்பதால் சுட்டபின் பன்றி திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதையும் கேள். அம்மாவிடம் இந்த ஞாயிறு சொல்லிவிடுகிறேன். சீசனுக்குள் முடிவு எடுத்தாக வேண்டும்.

விசாவுக்கு வக்கீல் சில தாள்கள் கேட்கிறார். வேலை நெருக்கடி. பார்க்கலாம்.

தங்கதுரை


பல்லடம்
22.4.2001

அன்புள்ள மாமாவுக்கு,

மார்ச்சில் ஒரு தடவை, போன வாரம் ஒரு தடவை போய் வந்தேன். உங்கள் பெயரைச் சொன்னால் அத்தை வாயைத் திறப்பதில்லை. "அமெரிக்காவுல உக்காந்துட்டு இவனுக்கு எதுக்கு இந்தப் பன்னி வேல" என்று முனகுவதோடு சரி. திருமூர்த்திதான் பாவம், காரில் உட்கார்ந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

அப்பா துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கி, என் முன்னாலேயே எண்ணெய் போட்டுத் துடைத்துக் காட்டினார். நீளக் குழல்தான் நல்லது, பதினாலே வாங்கச் சொல்லு என்றார். பன்றி திரும்பி வந்தால் ஏறுவதற்கு ஒரு மரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். தோட்டா எந்த அளவு என்பதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார். வைகாசியில் நான் போய்க் கேட்க வேண்டும்.

என் விசாவுக்கு வக்கீல் கேட்ட தாள் என்ன என்று எழுதினால் நானே இங்கே தயார் செய்கிறேன். உங்கள் வேட்டை லைசன்ஸ் ஒரே வாரத்தில் வந்ததே. நானும் வேட்டைக்கு வருகிறேன் என்று எழுதிப் போட்டால் சீக்கிரம் கிடைக்குமோ என்னவோ.

உங்கள்
கோகிலவாணி


வட கரோலினா
16.5.2001

கோகிலா,

பதினாலு இஞ்ச் வாங்கிவிட்டேன். தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு நடுங்குகிறது, அது வேறு கதை. உன் அப்பாவுக்கு நன்றி சொல்லலாமே என்று பால் சொசைட்டிக்குப் போன் போட்டேன். மனுஷன் குழம்பிப்போகிறார். "எந்தத் துப்பாக்கிங்க மாப்ள? அது மார்ச்சுலயே எலக்சனுக்கு டேசன்ல ஒப்படைச்சதுங்க, இன்னும் திருப்பிக் குடுக்கலீங்க. பன்னிக பாடு கொண்டாட்டமுங்க" என்கிறார். நீ ஒரு நாளும் அவரிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டதே இல்லையாம். வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாயாம்.

எலக்சன் நேரத்தில் ஊரில் ஒருத்தன் வீட்டிலும் துப்பாக்கி இருக்காது என்பது உனக்குத் தெரியாதா? ஸ்டேஷனில் கிடக்கிற துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டாராம். ராபர்ட் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி நான் ஊருக்கு வரும்போது உன்னைக் கூட்டிப் போகிறேன். அதுவரைக்கும் எங்கும் போக வேண்டாம். விசாவும் இப்போதைக்கு இல்லை. நிறையப் பொய் சொல்கிறவளை இந்த ஊருக்குக் கூட்டி வந்து நான் என்ன செய்வேன்?

தங்கதுரை


மேற்பார்வை: நஞ்சப்பன்
அமராவதி நகர் அஞ்சல்
உடுமலைப்பேட்டை வழி
11.6.2001

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தை திருமூர்த்தியைச் சத்தமாகப் படிக்க வைத்தார். கீழே தறி ஓட்டுகிற பழனாத்தாள் அக்காவரைக்கும் கேட்டிருக்கும்.

பொய்தான் சொன்னேன். அப்பாவுக்குக் குறி பார்க்கவே தெரியாது, அந்தத் துப்பாக்கி தாத்தா வாங்கியது. உங்களுக்கு எழுதியதெல்லாம் நானாகச் சொன்னது. நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் எனக்கு ஒரு நாள் கிடைத்தது. மாடியிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று எழுதியபோது அதற்காக நீங்கள் அத்தையிடம் ஒரு தடவையாவது பேசினீர்களா? பன்றிக்காகத்தான் பேசினீர்கள். தோட்டா அளவில் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் வாங்கிவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாஸ்போர்ட்டை அத்தையிடம் கேட்கவில்லை. "தனியாப் போனீன்னா ஊரு என்ன பேசும் கண்ணு" என்றார் அத்தை. அவர் குரலிலும் பயம்தான் இருந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். "பேசட்டுங்க அத்தை" என்றேன். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறினேன். இங்கே இறங்கியபோது பால் சொசைட்டியில் கேனோடு நின்ற அத்தனை பேரும் எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார்கள். கூசிப்போயிற்று. தலையைக் குனியாமல் நடந்தேன்.

அப்பா வரப்பில் நின்றிருந்தார். "கூட ஆரு கண்ணு வந்தது?" என்றார். "ஆரும் வரலீங்கப்பா" என்றேன். அவர் பையை வாங்கிக்கொண்டு, "கடலைக் காட்டுல பாதி பன்னி தின்னுபோச்சு, மீதியப் பாத்துக்கலாம் வா" என்றார். அழுதுவிட்டேன், மாமா. சந்தோஷத்தில் இல்லை, பயத்தில் இல்லை, எதற்கு என்று தெரியவில்லை.

சாப்பிடும்போது உங்கள் துப்பாக்கியைப் பற்றி இந்த முறை நிஜமாகவே கேட்டேன். "அங்க பன்னி மாப்ள வெள்ளாமையவா தின்னுது?" என்று கேட்டார். இல்லை, பொழுதுபோக்குக்குத்தான் என்றேன். "அப்ப எதை வாங்குனா என்ன" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது தீர்ந்தாலும் பல்லடம் வீட்டு மாடிக்கு நான் திரும்ப மாட்டேன். நீங்கள் பதில் எழுதுவதாக இருந்தால் அப்பா பெயரில் மேலே போட்டிருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். எழுதாவிட்டாலும் இனி எனக்கு முகவரி அதுதான்.

கோகிலவாணி