தூக்கிப் பார்க்காத இடப்பக்க விரிப்பு

அக்கா,

இன்று காலை செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் ஒருவர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சேசிஸ் நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தன. பென்சில் கரியின் வாசம் நிஜமாகவே வந்ததா, நானே நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. வந்த வேலையை விட்டுவிட்டு டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. நீங்கள் இருக்கும்போது சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

பழைய கார்களைப் பார்த்து, அசலா போலியா என்று சான்று எழுதி விலை சொல்வது என் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் ஈ.சி.ஆர். நெடுகப் பண்ணை வீடுகள் முளைத்தபோது, பணக்காரர்களுக்குப் பழைய அமெரிக்கக் கார்கள் மேல் ஆசையும் முளைத்தது. போலிகளும் கூடவே வந்தன. உங்களைப் பார்க்க வந்த அந்த மாதம் மட்டும் இரண்டு போலிகளைப் பிடித்திருந்தேன். தலைக்கனம் தாங்கவில்லை. அந்தத் தலையோடுதான் திருவிடந்தையில் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

மாட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்குக் கீழே நின்றது அந்த இரண்டு கதவு அமெரிக்கக் கார். அரிசி ஆலை நன்றாக ஓடிய காலத்தில் உங்கள் வீட்டுக்காரர் சென்னையில் ஒரு டீலரிடம் வாங்கியது. கம்பெனி எஞ்சினை இறக்கிவிட்டு, அதைவிடப் பெரிய எஞ்சினை டீலரே ஏற்றிக் கொடுத்தார் என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அது உண்மையானால் கார் அபூர்வம். பிற்பாடு ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றியது என்றால் வெறும் இரும்பு. டீலர் கடையை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. ரசீதைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் ஒரே ஒரு சாட்சி. தான் எஞ்சின் மாற்றிய காரில், ஓட்டுபவர் கால் வைக்கும் தகட்டில், விரிப்புக்குக் கீழே, தன் வேலை எண்ணைக் கொத்திவைப்பது அந்த டீலரின் வழக்கம்.

"வெலைய வுடு தம்பி," என்றீர்கள். "அவரு பீலா வுட்டாருன்னு பெத்த புள்ளயே சிரிக்கிறான். அவரு பொய் சொல்லலன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடு. அது போதும் எனுக்கு."

வலப்பக்கம், ஸ்டீரிங்குக்குக் கீழே விரிப்பைத் தூக்கினேன். தகட்டைச் சுரண்டினேன். எண் இல்லை. காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்த நீங்கள் சொன்னீர்கள்: "மொதல்ல ஸ்டீரிங் அந்தாண்ட இருந்துச்சு தம்பி. எஞ்சினு மாத்தினப்புறம்தான் இந்தாண்ட வெச்சிக் குடுத்தாங்களாம்."

"தெரியும்க்கா," என்றேன்.

எனக்கு எல்லாம்தான் தெரியுமே! கார் பானெட்டின் மேலேயே தாளை வைத்து, 'டீலர் செய்ததற்கு ஆதாரம் இல்லை. பிற்கால மாற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துக் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன்.

"இன்னா தம்பி, அவரு பொய் சொன்னாருன்னு எழுதிக்கீறியா?"

"ஆதாரம் இல்லன்னுதான்க்கா எழுதியிருக்கேன்."

"எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கார் நெம்மேலியில் ஒரு பண்ணை வீட்டுக்காரருக்கு இரும்பு விலைக்குப் போனது. ஆறேழு வருடம் கழித்து, அதைப் புதுப்பிக்கத் தொடங்கிய அவர் என்னை மறுபடி கூப்பிட்டார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே பெயின்ட் சுரண்டிய டிங்கர் குரல் கொடுத்தார்: "சார், இந்தாண்ட இன்னாவோ நம்பரு கீது."

இடப்பக்கம். எஞ்சினை மாற்றிய நாளில் ஓட்டுபவர் இடம் அதுதான். எண்ணைக் கொத்திய பிறகே ஸ்டீரிங் வலப்பக்கம் போயிருக்கிறது. நீங்கள் காபி டம்ளரோடு நின்று சொன்னது இதைத்தான். இடப்பக்க விரிப்பைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

"யானைக்கும் அடி சறுக்கும் சார்," என்று சிரித்தார் பண்ணை வீட்டுக்காரர். அவர் சிரிக்கலாம். சறுக்கிய யானை விழுந்தது உங்கள் மேல்.

அந்த எண்ணின் மேல் தாளை வைத்து இரண்டு பிரதி தேய்த்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. எங்கள் தொழில் வழக்கப்படி இரண்டிலும் பேனாவால் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மறுநாளே உங்கள் வீட்டுக்கு வந்தேன். "நாஸ்தா துன்னியா?" என்று கேட்டுக்கொண்டே இட்லி வைத்தீர்கள். நான் வாயைத் திறக்கும் முன் நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"அப்போ உன்னாண்ட கோச்சிக்கினேன், மனசுல வெச்சிக்காத தம்பி. நீ உள்ளதத்தான் எழுதின. நான்தான் அவரு சொன்னத நம்பிக்கினு இருந்துட்டேன். இப்பல்லாம் அந்தக் கதைய யாராண்டயும் சொல்றதில்ல."

தாளை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை போனது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் உங்கள் இட்லியில் மறைத்தேன். என்னை நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்து, நான் முட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் வந்தேன், சாப்பிட்டேன், போனேன். இப்படியே மூன்று வருடம்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிளம்பும்போது கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். அந்தத் தாளில் தேதியை மட்டும் வெட்டிவிட்டால், நேற்றுத்தான் கிடைத்தது என்று சொல்லிவிடலாம். வெட்டவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அக்கா. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான்.

தாளை வாங்கிய உங்கள் மகன், மொட்டைத் தலையும் வேட்டியுமாக நின்றபடி கேட்டார்: "அப்ப அப்பா சொன்னது நெஜமா சார்? நான் எவ்ளோ சிரிச்சிருக்கேன்..." கண் கலங்கியது. பிறகு அவர் கட்டைவிரல் தேதியின் மேல் நின்றது.

"இது எடுத்தப்ப அம்மா இருந்தாங்களே சார்."

"இருந்தாங்க," என்றேன்.

திட்டியிருந்தால் தேவலாம். தாளை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "அம்மாவுக்கு எடுத்தது. நீங்களே வெச்சிக்கோங்க."

வைத்திருக்கிறேன். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொள்கிறேன். இப்போது எந்தக் காரைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் தூக்கிப் பார்க்கிறேன். அதனால் உங்களுக்கு ஆனது ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்ட காயிதத்தை எழுதிவிடுகிறேன், அக்கா. உங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். எந்தத் தேதியைப் போடுவது என்றுதான் தெரியவில்லை.