டாக்குத்தர் சொன்னாராம்

களுதாவளை
8.12.1961

அன்புள்ள அன்னப்பூரணிக்கு,

பிள்ளையார் துணையால் நானும் பிள்ளைகளும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. உன் கடிதத்தை எழுதித் தந்து, இதையும் உனக்கு வாசித்துக் காட்டும் ஆஸ்பத்திரி நேர்ஸ் தங்கச்சி ஜோசப்பின், நான் கோபமாக எழுதியிருக்கும் இடங்களைக் குரல் தணிக்காமல் கோபமாகவே வாசிக்க வேண்டும்.

உன் கடிதத்தில் வரிக்கு வரி டாக்குத்தர்தான். டாக்குத்தர் சிரித்தாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாராம். மட்டக்களப்புத் தயிரென்றால் அவருக்கு உயிராம். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒரு சொல்லை யாருக்காவது நீ எழுதியிருப்பாயா? குசினிப் புகை கண்ணுக்குக் கூடாது, ஒரு யன்னல் வைப்போம் என்று நானும் எத்தனையோ தரம் சொன்னேன். அப்போது காதில் விழவில்லை. அதையே அவர் சொன்னதும் பெரிய ஞானமாகிவிட்டது. எனக்கு எரிச்சல்தான், மறைக்க மாட்டேன்.

ஒப்பரேசனுக்கு நான் சம்மதம் எழுதவில்லை என்று குறைப்பட்டிருந்தாய். வலது கண் தெளியும், இடது கண்ணுக்கு உறுதி சொல்ல முடியாது என்றாராமே. அவ்வளவு படித்துவிட்டு இதுதானா சொல்ல முடிந்தது? நான் கரடியனாற்றுக்குப் போய் நாட்டு வைத்தியம் பார்க்கும் வினாயகமூர்த்திப் பரியாரியைக் கேட்டேன். கண்ணில் கத்தி படவே கூடாது, தன் எண்ணெயை விட்டால் இரண்டு கண்ணும் தெளியும், அதற்குத் தானே பொறுப்பு என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதென்று முடிவும் செய்தேன். பரியாரி பல் விழுந்த கிழவர் என்பதும் எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாவி நிரம்பி நம் வட்டை வயல்களுக்குள் ஏறத் தொடங்கியது. ஆற்றுவாயில் மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவதா, பொறுப்பதா என்று வயல்காரர் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பார்க்கும் வட்டவிதானை நான் சொன்னால் சரி என்று இருக்கிறவர்கள்தானே. வெட்டினால் மேட்டு வயல் தப்பும், பள்ள வயலுக்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றேன். "உறுதி சொல்ல ஏலாட்டி நீ என்ன வட்டவிதானை?" என்று கதிர்காமத்தம்பி சத்தம் போட்டான். எனக்கும் கோபம் வந்தது. "கடலுக்குப் பொறுப்பு நிக்கிறன் எண்டு சொல்றவன் கள்ளன். அவனிட்டப் போய்க் கேள்" என்று நானும் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் பரியாரி நெஞ்சில் தட்டியது ஞாபகம் வந்தது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுவாய்க்கு நடந்தேன்.

வெட்டினோம். மேட்டு வயல் தப்பியது. மஜீட்டின் பள்ள வயல் முழுக்கப் போய்விட்டது. நேற்று அவன் படலையடியில் வந்து நின்றான். ஏசத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவனோ கோடை வெள்ளாமைக்கு என்ன நெல் விதைக்கலாம் என்று கேட்டான். இன்னும் என்னிடமா கேட்கிறாய் என்றேன். "நீங்க பொய் சொல்லல்லியே, வட்டவிதானையார்" என்றான்.

ஆகையால் சம்மதம். முழுமனதாகச் சம்மதம், அதையே டாக்குத்தரிடம் சொல். அவர் உனக்குப் பொய் சொல்லவில்லை, அது போதும். அதற்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பிடிக்கவில்லை. இங்கே உன் சீதன வீட்டில் நீ இல்லாமல் நான் விருந்துக்கு வந்தவன் மாதிரி இருக்கிறேன். அவர் அங்கே காலையும் மாலையும் குனிந்து உன் முகத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், கண்ணை மட்டும் நன்றாகப் பார்க்கட்டும்.

கட்டு அவிழ்க்கும் நாளை முன்கூட்டியே எழுது. ரயிலேறி வந்துவிடுவேன். அவிழ்த்ததும் டாக்குத்தரைச் சற்று விலகி நிற்கச் சொல். எந்தக் கண் தெளிந்தாலும் அது முதலில் என்னைப் பார்க்க வேண்டும். பிள்ளையார் கைவிடமாட்டார். ஒரு கண்ணும் தெளியாவிட்டால், பயப்படாமல் கையை நீட்டு. பக்கத்தில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அழகரத்தினம்