பதினெட்டு மணி நேரப் பயணத்துக்கு நான்கு நாள்

நானா,

மகள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க், பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். "டைரக்ட் ஃபிளைட்டே எய்ட்டீன் ஹவர்ஸுக்கு மேல லா, ம்மா. கால் வலிக்கும், ஓகேவா?" உங்களை அடக்கிய கபரைப் பார்க்கப் போகிறேன், கால்வலி ஒரு பொருட்டா? அந்தப் பதினெட்டுதான் உறுத்துகிறது. அதை வைத்துத்தானே கூடப் பிறந்த அண்ணனை இத்தனை வருடம் சந்தேகப்பட்டேன்!

வாப்பா மௌத்தானபோது நீங்கள் நான்காம் நாள்தான் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்தீர்கள். அடக்கம் முதல் நாளே முடிந்திருந்தது. "டிக்கெட் கிடைக்கலையா?" என்று கேட்டேன். "வந்துட்டேன்ல" என்றீர்கள். இதெல்லாம் ஒரு பதிலா? நீங்கள் குளிக்கப் போன நேரம் பெட்டியில் தொங்கிய சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். நான் போன் செய்து இரண்டு நாள் கழித்துத்தான் விமானம் ஏறியிருக்கிறீர்கள். அமெரிக்கா வேலை வாப்பாவை விடப் பெரிதாகிவிட்டது என்று சிராங்கூன் ரோட்டுச் சொந்தங்களிடமெல்லாம் நானே சொல்லி வைத்தேன்.

அன்று மாலை மரணச் சான்றிதழைக் கேட்டு வாங்கினீர்கள். நேரம் போட்டிருந்த இடத்தில் உங்கள் கண் நின்றது. மடித்துக் கொடுத்துவிட்டு, "சாப்டியா தங்கச்சி?" என்றீர்கள். செய்த தப்பை மறைக்கக் குழைகிறார் என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் உங்கள் மனைவி, என் மச்சி, போன் செய்து, நீங்கள் போய்விட்டதாகவும் அன்று மாலை அஸர் தொழுகைக்கே அடக்கம் என்றும் சொன்னார். என் புத்தி எங்கே போகும்? "எத்தனை மணிக்கு மச்சி? எனக்கு எப்ப சொல்றீங்க?" என்று கேட்டேன்.

மச்சி அழுதார். "மூச்சு அடங்கினதும் முதல் போன் உனக்குத்தாம்மா. அவங்க அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தாங்க. வாப்பா மௌத்துக்கு ஏர்போர்ட் வரைக்கும் போனவங்க திரும்பி வந்துட்டாங்க. அடக்கமே முடிஞ்சிருக்கும், இனி யார் முகத்தைப் பார்க்கன்னு ரெண்டு நாள் படுத்தே கிடந்தாங்க."

நானா, வாப்பா போனது விடியற்காலை சுபுஹு நேரத்தில். நான் உங்களைக் கூப்பிட்டது, மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணியும் சுற்றி முடித்த பிறகு. ஆறு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. முன்பே சொன்னால் ஒரு நாள் காத்திருக்கச் சொல்வீர்கள், உங்கள் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் நான், இவர் வந்துதான் எடுக்க வேண்டுமா என்று ஒரு வீம்பு. சான்றிதழைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்கள்மேல் பழி போட்டுக்கொண்டே இருந்தால் என்னை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

நீங்கள் கேட்டிருக்கலாம். முதலில் பொய் சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், கடைசியில் அழுது ஒப்புக்கொண்டிருப்பேன். கேட்கவே இல்லை. நான் உங்களுக்குச் செய்ததை எனக்கு யாரும் செய்துவிடக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், நானா?